எதிர்மனுதாரர் அண்ணிக்கு

மார்ச் 4

அண்ணிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உங்களோடு போனில் பேசக் கூடாது, உங்கள் வீட்டுத் தெருப் பக்கம் வரக் கூடாது என்று கோர்ட் சொல்லியிருக்கிறது. கடிதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. வக்கீலம்மாவிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

குடும்ப நீதிமன்றத்தின் புது உத்தரவு உங்களுக்கும் வந்திருக்கும். பொடிசை வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்று இருந்தது. இப்போது மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம். "தாய்க்கும் மகளுக்கும் இடையே ஒட்டுதல் காணப்படவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை எத்தனை தடவை படித்தாலும் அது வேறு யாரோ ஒரு தாயைப் பற்றி எழுதியது போலவே இருக்கிறது.

நகல் கைக்கு வந்து முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். செய்யப் போகிறேன். அதில் உங்களை எதிர்மனுதாரர் என்று போட வேண்டுமாம். உங்கள் தம்பி உயிரோடு இருந்திருந்தால், அக்காவும் பெண்டாட்டியும் கோர்ட்டில் நிற்பதைப் பார்த்து எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் டீ குடிக்கப் போயிருப்பார். நோட்டீஸ் வந்தால் பதறாதீர்கள். பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் உங்களிடமே இருக்கட்டும். பார்க்கிற நாளை மட்டும்தான் கேட்கிறேன்.

கீழ்வரிசையில் இடது முன்பல் லேசாக ஆடுகிறது. போன முறை நாக்கால் தள்ளிக் காட்டினாள். மாதம் ஒரு மணி நேரம் என்றால் அது விழுவதை நான் பார்க்கப் போவதில்லை. ஊரில் பாதிப் பேருக்குப் பல் செட் செய்து கொடுக்கிறவள், என் பிள்ளைக்கு விழுகிற முதல் பல்லைப் பார்க்க முடியாது. நினைத்தால் வேலையில் அளவு தப்பிப் போகிறது.

பொடிசின் அம்மா


மார்ச் 12

கிழிக்கத்தான் நினைத்தேன். பல் விஷயம் எழுதியிருந்ததால் கிழிக்கவில்லை.

உனக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் மனசில் இருப்பதைக் கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. என் சுபாவம் உனக்குத் தெரியும். ஒன்பது நாள். பள்ளிக்கூட விடுமுறையில் ஒன்பது நாள், ஆறு வயசுக் குழந்தையை உள்ளே வைத்து வெளியே பூட்டு போட்டுவிட்டு வேலைக்குப் போனாய். நான் லீவு போட்டு வந்த அன்று கதவுக்குப் பின்னால் மூச்சு இரைக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் சுத்தியலை வாங்கிப் பூட்டை உடைத்தேன். உள்ளே காய்ச்சலில் அனலாகக் கிடந்தாள். பக்கத்தில் பாதி பிஸ்கட் பாக்கெட். தண்ணீர்ப் பானை எட்டாத உயரத்தில். அதைப் பார்த்துவிட்டு எந்த அத்தை போன் எடுத்துப் புகார் சொல்லாமல் இருப்பாள்? சொன்னேன். இன்றைக்கு நடந்தாலும் சொல்வேன்.

அதுகூடப் போகட்டும். கோர்ட்டின் அந்தச் சந்திப்பு அறையில் நீ செய்வதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. நான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். ஒரு வாரம் கழித்துப் பிள்ளையைப் பார்க்கிறவள் கட்டிக்கொண்டு அழுவாள், கதை சொல்வாள், சாப்பிட்டியா என்றாவது கேட்பாள். நீயோ கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். அவளும் அப்படியே. இரண்டு மணி நேரம் வாயில் கொழுக்கட்டை. நீதிபதி கேட்டபோது நான் பார்த்ததைத்தான் சொன்னேன்.

அதே வியாதி இவளுக்கும் ஒட்டிவிட்டது. என் வீட்டிலும் பேச மாட்டேன் என்கிறாள். ஆமாம், இல்லை, போதும். நாளெல்லாம் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து மைக்கில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிறவள் நான். வீட்டுக்கு வந்தும் நானே பேசி நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். காது டாக்டரிடம் காட்டினேன். காதெல்லாம் கணீரென்று இருக்கிறதாம்.

பல் இப்போது நன்றாகவே ஆடுகிறது. பிடுங்கவா, விடவா? உன் தொழில். நீயே சொல்.

அவளுடைய அத்தை


மார்ச் 17

அண்ணிக்கு,

பிடுங்காதீர்கள். அடியில் புதுப் பல் முட்டிக்கொண்டிருக்கும், அதுவே தள்ளிவிடும். சில சமயம் இரண்டு மூன்று மாதம்கூட ஆடும். கடினமானதைக் கடிக்கும்போது மட்டும் வலது பக்கமாகக் கடிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன், சமாதானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் போன பிறகு இரண்டு வருஷம் பள்ளி விட்டதும் பொடிசு என் லேபுக்குத்தான் வருவாள். என் மேசைக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு முக்காலி இருந்தது. பிறகு புது மேலாளர் வந்தார். அமிலம், நெருப்பு இருக்கிற இடத்தில் குழந்தை கூடாது என்றார். அவர் சொன்னதும் தப்பில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஆயாம்மாவும் விடுமுறையில் நின்றுவிட்டார். உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. தம்பி பெண்டாட்டிக்கு ஒரு பிள்ளையை வளர்க்கத் துப்பில்லை என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்கிற வறட்டு கௌரவம். அந்த கௌரவத்தை வைத்துத்தான் பூட்டினேன்.

வக்கீலம்மா நல்ல பெண், ஆனால் சின்ன வயசு, வேகம் அதிகம். "உங்க நாத்தனாருக்குக் குழந்தை இல்ல. உங்க குழந்தை மேல ஆசைப்பட்டுப் புகார் குடுத்தாங்கன்னு போடலாமா? கேஸ் பலமா நிக்கும்" என்றார். நான் வேண்டாம் என்றேன். "அப்புறம் எதை வச்சு வாதாடறது?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பேசாமல் இருந்தோம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆமாம், பேசாமல்தான் இருந்தோம். அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அந்த இரண்டு மணி நேரம்தான் வாரத்தில் நான் நன்றாக இருந்த நேரம்.

பொடிசின் அம்மா


ஏப்ரல் 20

மெழுகுக்கு,

தம்பி உன்னை அப்படித்தான் கூப்பிடுவான், உன் சேலையில் எப்போதும் மெழுகு வாசனை என்று. இத்தனை நாள் அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை. இன்றைக்கு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் நோட்டீஸ். போன வாரம் உன் மேல்முறையீட்டு மனு நகல் வந்தது. என்னைப் பற்றி என்னென்ன நாறடித்திருப்பாயோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பாராவிலேயே, "குழந்தையை வீட்டில் பூட்டிவிட்டுச் சென்றது உண்மை. எதிர்மனுதாரர் அன்று வராமல் இருந்திருந்தால் என் குழந்தை உயிரோடு இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது" என்று இருக்கிறது. தன் பக்கம் ஜெயிக்க வேண்டிய மனுவில் எதிராளியைப் பற்றி இப்படி எழுதுகிற ஆளை நான் பார்த்ததில்லை. மூன்று தடவை படித்தேன். நான் சட்டென்று அழுகிறவள் இல்லை. அன்றைக்கு அழுதேன்.

இரண்டாவது, என் தொண்டை. டோக்கன் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கட்டிக்கொண்டது. எங்கள் டாக்டர் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூட" என்றார். வேலை பார்க்கிற இடத்தில் எல்லோரும் கை கொட்டிச் சிரித்தார்கள். வாய் மூடினால் எனக்கு மூச்சே நின்றுவிடும் என்பது அவர்கள் கட்சி.

மூன்றாம் நாள் சாயங்காலம் பொடிசின் பள்ளிப் பாவாடைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். ரேடியோவும் போடவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்தவள் மெல்ல எழுந்து வந்தாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தன் முழங்காலை என் முழங்காலில் ஒட்டி வைத்துக்கொண்டாள். ஏழு மாதமாக என் வீட்டில் இருக்கிறாள், மெழுகு, அதுதான் முதல் தடவை அவளாக என்னைத் தொட்டது. நான் தைக்கிறேன், அவள் பார்க்கிறாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். உடனே குனிந்து, தைத்த இடத்தை "ஃபூ" என்று ஊதினாள். ஊதிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "இப்ப பேசலாம் அத்தை" என்றாள்.

அப்புறம் பிடித்தாள் பாரு! வகுப்பில் எவன் எவளை அடித்தான், எந்த டீச்சருக்கு மீசை இருக்கிறது, அப்பா ஏன் போட்டோவில் சிரிக்கவில்லை, எல்லாம். என்னால் பதில் சொல்ல முடியாது, டாக்டர் உத்தரவு. தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்தது. ஸ்லேட்டில் எழுதிக் கேட்டேன், இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்று. "நீங்க பேசிட்டே இருந்தீங்களா, உங்க வேலை இன்னும் முடியலன்னு நினைச்சேன்" என்றாள். சிரிப்பதா, செருப்பால் அடித்துக்கொள்வதா?

அவள்தான் உங்கள் லேப் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தாள். மெழுகில் பல் செதுக்கும்போது பேசினால் மூச்சு பட்டு அளவு தப்பிவிடுமாம். செதுக்கி முடித்து, தூளை ஊதிய பிறகுதான் பேச்சாம். அம்மா வேலை செய்யும்போது பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தால் அம்மாவுக்கு உதவி செய்கிறோம் என்று அர்த்தமாம்.

உடனே பீரோவைத் திறந்து கீழ்க்கோர்ட்டுத் தாள்களை எடுத்தேன். சந்திப்பு அறை மேற்பார்வை அம்மா எழுதிய பதிவேட்டு நகலும் அதில் இருக்கிறது. பதினான்காம் பக்கம். "இருவரும் பேசவில்லை. முழங்கால்கள் ஒட்டியிருந்தன. ஆளுக்கொரு சிவப்பு உருண்டையைக் கையில் வைத்திருந்தனர். நேரம் முடியும் முன் இருவரும் உருண்டைகளை ஊதினர். பிறகு மணி அடிக்கும் வரை இடைவிடாமல் பேசினர்." பத்தொன்பதாம் பக்கத்திலும் அதே. இருபத்திரண்டிலும் அதே. இரண்டு மணி நேரம் கண்ணாடிக்கு வெளியே நின்ற நான், கடைசிப் பத்து நிமிஷம் ஆட்டோ பிடிக்கப் போய்விடுவேன். அந்தப் பத்து நிமிஷத்தை நான் பார்த்ததே இல்லை.

பார்க்காததைப் பார்த்தது போலக் கோர்ட்டில் சொல்லியிருக்கிறேன். பூட்டியது உன் தப்பு. இது என் தப்பு. உன் வக்கீலிடம் பக்க எண்களைச் சொல்.

பொடிசின் அத்தை


ஏப்ரல் 26

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். மெழுகு அடுப்பை அணைக்க மறந்து, ஒரு பெரியவரின் மேல்வரிசை முழுக்க உருகிவிட்டது. மேலாளர் திட்டினார். திட்டட்டும்.

வக்கீலம்மாவிடம் பக்க எண்களைச் சொன்னேன். நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டார். மேல்முறையீட்டில் புதுச் சாட்சியம் லேசில் எடுக்க மாட்டார்களாம், கீழே இருக்கிற தாளைத்தான் படிப்பார்களாம். இது அந்தத் தாளிலேயே இருக்கிறது. "இத்தன நாள் என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். என்ன சொல்வது? மூச்சு விடுகிறேன் என்று யாராவது கோர்ட்டில் சொல்வார்களா? எங்களுக்கு அது அப்படி ஆகிவிட்டது. மற்றவர்களுக்கு வேறு மாதிரி தெரியும் என்று தோன்றவே இல்லை.

அண்ணி, ஒன்று சொல்ல வேண்டும். எதிர்மனுதாரரே எழுந்து நின்று "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றால் பாதி வழக்கு முடிந்தது என்கிறார் வக்கீலம்மா. ஆனால் பார்க்கிற நாள் கூடக் கூட, நாளைக்கு ஒரு நாள் பிள்ளையே என்னிடம் திரும்பி வரலாம். அதுவும் உங்களுக்குத் தெரியும். முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டாள் என்று எழுதினீர்களே, அந்த வரியில் எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்குப் புரிந்தது. தாள் இருக்கிறது, அதை வைத்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் வராமல் இருந்தாலும் உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் கடிதத்தைக் கோர்ட்டில் காட்ட மாட்டேன். அது எனக்கு எழுதியது.

மெழுகு


ஜூன் 2

மெழுகு,

பல் விழுந்துவிட்டது. காலையில் பல் தேய்க்கும்போது. ரத்தம் ஒரு சொட்டுதான். அழவில்லை. கண்ணாடியில் ஓட்டையைப் பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட காட்டணும்" என்றாள். போனை எடுத்துவிட்டேன். அப்புறம் கோர்ட் உத்தரவு ஞாபகம் வந்து கீழே வைத்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்லைக் கழுவி, என் பட்டன் டப்பாவில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

எனக்கு என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியும். இரண்டு ராத்திரி யோசித்தேன். மூன்றாம் முறை யோசித்தால் சுயநலம் ஜெயித்துவிடும் என்று நிறுத்திக்கொண்டேன். விசாரணைக்கு வருகிறேன்.

அத்தை


ஜூலை 3

அண்ணிக்கு,

கோர்ட் வராந்தாவில் உங்களிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நீங்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் வக்கீல் எழுந்திருக்கும் முன்பே நீங்கள் எழுந்து நின்றீர்களே, அப்போது என் வக்கீலம்மாவின் கை என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டது. "உங்க வக்கீல் பேசுவாரும்மா" என்றார் நீதிபதி. "அவருக்கு விஷயம் தெரியாதுங்க, எனக்குத்தான் தெரியும்" என்றீர்கள். மைக்கில் பேசுகிற அதே குரல். பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தங்கள் நம்பர் வந்துவிட்டதோ என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"கீழ்க்கோர்ட்ல நான் ரெண்டு விஷயம் சொன்னேங்க. பூட்டு போட்டா, அது நிஜம். கல்லு மாதிரி உக்காந்திருந்தா, அது தப்பு. பார்க்கத் தெரியாம பார்த்துட்டேன்" என்றீர்கள். பிறகு பதினான்காம் பக்கத்தைப் படிக்கச் சொன்னீர்கள். மனுஷர் தன் தப்பை வீட்டுக்குள் ஒத்துக்கொள்வதே பெரிய பாடு. நீங்கள் இரண்டு நீதிபதிகள் முன்னால், கறுப்புக் கோட்டுக் கூட்டத்தின் நடுவில் ஒத்துக்கொண்டீர்கள். எதற்காக? உங்களிடமிருந்து பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளப் போகிறவளுக்காக. இந்த ஜென்மத்தில் நான் உங்களைப் போல ஒரு ஆளைப் பார்த்ததில்லை, அண்ணி. நேரில் சொன்னால் "போடி" என்பீர்கள். எழுத்தில் இருக்கட்டும்.

மூத்த நீதிபதி என்னைப் பார்த்து, "பேசாம இருக்கறதுதான் உங்க பாசமாம்மா?" என்று கேட்டார். "வேலை முடியற வரைக்கும்தாங்க" என்றேன். லேசாகச் சிரித்தார். சிரிக்கும்போது பார்த்தேன், மேல்வரிசை செட். நல்ல வேலைதான். இடது பக்கம் மட்டும் கடி கொஞ்சம் உயரம், சாப்பிடும்போது குத்தும். சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. வக்கீலம்மாவிடம் பிறகு சொன்னபோது, நல்ல வேளை என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

உத்தரவு நகல் உங்களுக்கும் வரும். ஞாயிறுதோறும் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, உங்கள் வீட்டில், உங்கள் மேற்பார்வையில். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். போனுக்கும் அனுமதி. அந்தக் கண்ணாடி அறைக்கு இனி போக வேண்டாம். கீழ்க்கோர்ட் "பேச்சின்மையை மட்டும் குறித்துக்கொண்டு, அதற்கு அடுத்த வரியைக் கவனிக்கத் தவறியது" என்று எழுதியிருக்கிறார்கள். பூட்டியது கடுமையான அலட்சியம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அதுவும் சரிதான். இரண்டு வரியையும் கட்டம் கட்டி வைத்துக்கொள்ளப் போகிறேன்.

மெழுகு


ஜூலை 13

மெழுகுக்கு,

போன் பேச அனுமதி வந்த பிறகும் ஏன் கடிதம் என்று கேட்பாய். வாய் கிழியப் பேசுகிறவள்தான், இந்த மாதிரி விஷயம் மட்டும் எனக்கு வாயில் வராது.

மேற்பார்வை என்று உத்தரவில் இருக்கிறதே என்று நேற்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருந்தேன். மேற்பார்வை அம்மா மாதிரி எழுத வேண்டும் அல்லவா? நீ வந்தாய். வாசலில் நின்று நிலைக்கதவையே பார்த்தாய். நான் வேண்டுமென்றேதான் விரியத் திறந்து வைத்திருந்தேன். பொடிசு ஓடி வந்து ஈறைக் காட்டினாள். நீ விரலால் தொட்டுப் பார்த்து, "புதுசு எட்டிப் பார்க்குது" என்றாய். நான் பட்டன் டப்பாவைக் கொடுத்தேன். அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தீர்கள். நான் சமையலறைக்குப் போனேன்.

பத்தே கால், சத்தம் இல்லை. பத்தே முக்கால், சத்தம் இல்லை. ரேடியோ பக்கம் கை போனது, இழுத்துக்கொண்டேன். மைக் பிடித்த இருபது வருஷத்தில் இவ்வளவு நேரம் நான் சும்மா இருந்ததில்லை. முன்பெல்லாம் வீட்டில் சத்தம் இல்லை என்றால் எனக்கு அந்தப் பூட்டின கதவுதான் ஞாபகம் வரும். நேற்று வரவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு, ஒரு நாற்காலியைப் போட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கே என்னைப் பார்த்து ஆச்சரியம்.

பன்னிரண்டு மணிக்கு "ஃபூ" என்று கேட்டது. இரண்டு பேர் ஊதுகிற சத்தம். நான் எழுந்திருக்கவில்லை. உங்கள் பேச்சு உங்களுக்கு என்று இருந்தேன். பொடிசுதான் சமையலறை வாசலுக்கு வந்தாள். "அத்தை, நீங்க ஏன் வரல? வேலை முடிஞ்சிடுச்சு, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளங்கையில் வைத்தாளே, அந்தச் சிவப்பு மெழுகுப் பல். விழுந்த பல்லைப் பார்த்து அப்படியே அச்சாகச் செதுக்கியிருந்தீர்கள். முனையில் இருந்த அந்தச் சின்ன வளைவு வரைக்கும். "நிஜப் பல் அம்மாவுக்கு, இது உங்களுக்கு" என்றாள். அப்போது நீ என்னைப் பார்த்தாய். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாய். சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அவளை நீ எடுத்துக்கொள்ளப் போகிறாய் என்றுதான் ஏப்ரலில் இருந்து பயந்துகொண்டிருந்தேன். நீ மூன்று மணி நேரம் கேட்டு வாங்கி, அதில் முக்கால்வாசியை எனக்கு ஒரு பல் செய்வதில் செலவழித்திருக்கிறாய். உன்னை நான் கல் என்று சொன்னேன். என் தம்பிக்கு ஆளைத் தெரிந்திருக்கிறது.

நோட்டில் ஒரு வரிதான் எழுதினேன். "இருவரும் பேசவில்லை. பிறகு மூவரும் பேசினோம்." கோர்ட் கேட்டால் அதைக் காட்டுகிறேன்.

அடுத்த ஞாயிறு பத்து மணி. அந்த முக்காலி இன்னும் லேபில் கிடந்தால் எடுத்து வா, அவளுக்குத் தரையில் உட்கார்ந்து கால் மரத்துப் போகிறது. அழைப்பு மணி அடிக்காதே. கதவு திறந்துதான் இருக்கும்.

எதிர்மனுதாரர்